அண்டா விளிம்பில் ஒரு வருஷம்: வீட்டுப் பொருள்களை வைத்து வரலாறு படிப்பது எப்படி?

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளை அண்டா உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, மேலே ஒருவர் கீழே ஒருவராக நின்று அதை இறக்குவோம். சின்னப் பிள்ளையில் கண்ணாமூச்சி விளையாடும்போது அதற்குள் நான் ஒளிந்திருக்கிறேன். ஆனாலும் அதை ஒழுங்காகப் பார்த்தது 2012 பொங்கலுக்கு முந்தின வாரம்தான். விளிம்பைத் துணியால் துடைக்கும்போது விரலில் சொரசொரவென்று ஏதோ தட்டியது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். எழுத்து. உளி முனையால் புள்ளி புள்ளியாகத் தட்டி வெட்டியது. மூன்று வரி:

விரோதி ௵ ஆவணி ௴
பாளை சு.ச. சீர்
எடை ராத்தல் 24

இந்த மூன்று வரியையும் முழுதாகப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் நான் செய்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது, அதற்கென்று ஒரு துறையே இருக்கிறது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அதற்கு அப்புறம் வருவோம். முதலில் அண்டாவைப் படித்துவிடலாம்.

௵ என்பது வருஷத்துக்கான பழைய சுருக்கக் குறி, ௴ மாதத்துக்கு. பழைய பத்திரங்களிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் பார்த்திருப்பீர்கள். அப்படியானால் விரோதி வருஷம் ஆவணி மாதம். சரி, எந்த விரோதி? தமிழ் வருஷங்கள் அறுபதும் திரும்பத் திரும்பச் சுற்றி வருபவை. விரோதி 1889இல் வந்தது, 1949இல் வந்தது, 2009இல் வந்தது. 2009ஆக இருக்க முடியாது, அதற்கு வெகு காலம் முன்பே நான் அதற்குள் ஒளிந்தாகிவிட்டது. எழுத்தும் அதையே சொல்கிறது. ‘பாளை’யில் வரும் ளை இன்று நாம் எழுதுகிற மாதிரி இல்லை. யானைத் துதிக்கை போல முன்னால் சுருண்டிருக்கிறது. ணை, லை, ளை, னை நான்குக்கும் இருந்த அந்தப் பழைய வடிவத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் மாற்றியது. பெரியார் 1930களிலேயே ‘குடி அரசு’ பத்திரிகையில் புழங்கவிட்ட வடிவங்கள்தான் அப்போது அரசாணையாக வந்தன. ஆகவே துதிக்கை எழுத்து இருந்தால் பொருள் பெரும்பாலும் 1978க்கு முந்தையது. ‘பெரும்பாலும்’ என்று சொல்வதற்குக் காரணம், பழைய கை பழக்கத்தை விடாது. அரசாணை வந்த மறுநாளே பாத்திரக்கடை ஆசாரி மாற்றி வெட்டியிருக்க மாட்டார்.

மிச்சம் இரண்டு: 1889, 1949. இங்கே பாத்திரம் கைவிட்டுவிடுகிறது, ஆளைத்தான் கேட்க வேண்டும்.

“ஆச்சி, உங்களுக்குக் கல்யாணம் எந்த வருஷம்?”

“வருஷமெல்லாம் எவன் கண்டான்? வெள்ளைக்காரன் போயி ரெண்டு வருஷம் இருக்கும். எனக்குப் பதினாறு.”

“இந்த அண்டா யார் குடுத்தது?”

“எங்க மாமா குடுத்ததுல்லா. பாளையங்கோட்டையில இருந்து வில்வண்டியில வந்துச்சு.”

வெள்ளைக்காரன் போனது 1947. இரண்டு வருஷம் கூட்டினால் 1949. பொருந்துகிறது. இருந்தாலும் ஒரு மூன்றாவது சாட்சி வேண்டும் என்று தோன்றியது. தாத்தாவின் தகரப் பெட்டியில் கல்யாண மொய் நோட்டு இருந்தது. அதில் தாய்மாமன் சீர் என்று தனியாக ஒரு பக்கம்: அண்டா 1, குடம் 2, குத்துவிளக்கு ஒரு ஜோடி. அவ்வளவுதான், அண்டாவுக்கு வயது கிடைத்துவிட்டது. இரண்டாவது வரியும் புரிந்துவிட்டது: பாளையங்கோட்டை மாமா கொடுத்த சீர்.

மூன்றாவது வரி எடை. ராத்தல் என்பது இங்கிலீஷ் பவுண்டுக்கு நம் ஊரில் வழங்கிய பெயர், கிட்டத்தட்ட 454 கிராம். 24 ராத்தல் என்றால் பத்தே முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தோம். 10 கிலோ 600 தான் வந்தது. கடைக்காரர் அன்று குறைத்து நிறுத்தாரோ, அல்லது அறுபது வருஷம் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்ததில் தேய்ந்துபோனதோ, என்னால் முடிவு செய்ய முடியவில்லை. ஆனால் எடையை ஏன் விளிம்பில் வெட்டினார்கள் என்பது புரிந்தது. பித்தளையை எடை போட்டுத்தான் வாங்குவார்கள், எடை போட்டுத்தான் விற்பார்கள், எடை போட்டுத்தான் அடகு வைப்பார்கள். கல்யாணத்துக்கு வந்த அண்டா சமைக்கிற பாத்திரம் மட்டும் கிடையாது, ஒரு பெண்ணின் கையில் இருந்த சேமிப்பும்கூட.

புழங்குபொருள் என்றால் என்ன?

சாதாரண மக்களின் பாட்டு, கதை, பழக்கவழக்கங்களை ஆராயும் நாட்டார் வழக்காற்றியல் படிப்பவர்கள் இதைப் ‘புழங்குபொருள் பண்பாடு’ என்று சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. மனிதர்கள் கையால் செய்து, கையால் புழங்கிய எல்லாம் இதில் அடங்கும்: உலக்கை, முறம், பாய், பூட்டு, தொட்டில், வீடு, வாசல் திண்ணை. பாட்டு, கதை, பழமொழி எல்லாம் வாய்வழியாக வந்த பண்பாடு என்றால், இது கைவழியாக வந்தது.

இதை ஏன் வரலாறு என்கிறோம்? வரலாறு என்றதும் நமக்குக் கல்வெட்டும் செப்பேடும் நினைவுக்கு வரும். அவற்றை எழுதச் செய்தவர்கள் அரசர்கள், கோயில் அதிகாரிகள், நிலம் உள்ளவர்கள். எங்கள் ஆச்சி கைநாட்டு வைத்தவர். வீட்டுப் பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாம் தாத்தா பெயரில். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் தாத்தா. இருபதாம் நூற்றாண்டில் பிறந்து எண்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயர் எங்கள் வீட்டில் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினால், இரண்டு பித்தளைக் குடத்தின் கழுத்தில்தான் இருக்கிறது. அதையும் அழகுக்காக வெட்டவில்லை. கூட்டுக் குடும்பத்தில் பாத்திரங்கள் கலந்து கிடக்கும். நாளைக்குப் பாகம் பிரிக்கும்போது எது யார் கொண்டுவந்த சீர் என்று சண்டை வரக்கூடாது. அதனால்தான் பிறந்த வீட்டுக்காரர்கள் பெண் பெயரின் முதலெழுத்தை வெட்டி அனுப்பினார்கள். இது என் உடைமை என்று ஆச்சி காட்டக்கூடிய ஒரே சாசனம் அந்தக் குடம்தான்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்த ஜூல்ஸ் பிரௌன் என்பவர் 1982இல் ஒரு கட்டுரையில் இதற்கு மூன்று படிகள் சொன்னார். முதலில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் விவரிக்க வேண்டும்: அளவு, எடை, எதனால் செய்தது, எங்கே தேய்ந்திருக்கிறது. அடுத்து, அதைக் கையில் எடுத்துப் புழங்கிப் பார்த்து உய்த்தறிய வேண்டும்: எப்படிப் பிடிப்பார்கள், நின்றா உட்கார்ந்தா, ஒருவரா இருவரா. அதற்கு அப்புறம்தான் ஊகம், அந்த ஊகத்தை வெளியே உள்ள சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. நாம் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பொருளைப் பார்த்த உடனே ‘இருநூறு வருஷப் பழசு’ என்று ஊகத்தில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறோம்.

இந்த மாதிரிப் பொருள்களை வரிசையாகப் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. 1996இல் திறந்தது. பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அகமதாபாத்தில் பாத்திரங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றி வந்தாலும் நிறையப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கடைகளில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மரச்சிற்பமும், கண்ணாடிப் படமும், எனாமல் தூக்குச்சட்டியும் எந்த வீட்டிலிருந்து வந்தன, யார் புழங்கினார்கள் என்பது வீட்டு வாசலிலேயே உதிர்ந்துவிடுகிறது. கடைக்கு வருவது வெறும் பொருள். உங்கள் வீட்டில் இருக்கும்வரை அதற்குப் பேச ஆள் இருக்கிறது.

பெயரைப் பிடித்தால் ஊர் தெரியும்

தொடங்குபவர்களுக்கு எளிதான வழி, பொருளின் பெயரைப் பிடித்துக்கொள்வது. வீட்டுக்குள் சும்மா சுற்றிப் பாருங்கள். மேசை, ஜன்னல், சாவி, அலமாரி நான்கும் போர்ச்சுகீசியச் சொற்கள்: மேசா, ஜனேலா, ஷாவே, அர்மாரியு. 1498இல் கோழிக்கோட்டில் இறங்கியவர்கள் சில பத்தாண்டுகளில் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கும் வந்து சேர்ந்தார்கள். சாமான்களும் சொற்களும் கூடவே வந்தன. பீரோ பிரெஞ்சுச் சொல்.

இங்கே அவசரப்படக்கூடாது. ஜன்னல் என்ற சொல் வெளியிலிருந்து வந்ததால் நம் வீடுகளில் அதற்கு முன் காற்று வர வழியே இல்லை என்று ஆகாது. சாளரம் இருந்தது, காலதர் என்று சிலப்பதிகாரத்தில் உண்டு. சாவிக்கு முன் திறவுகோல் இருந்தது. புதிய சொல் வரும்போது பொருளின் வடிவமோ, செய்முறையோ, மதிப்போ மாறியிருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மேசை விஷயம் வேறு. நம் வீடுகளில் சாப்பிட, எழுத, வெட்ட, அரைக்க எல்லாவற்றுக்கும் தரைதான். உயரமான மேசை உண்மையிலேயே புதிய சாமான்.

அஞ்சறைப் பெட்டியையும் இப்படித் திறந்து பார்க்கலாம். மிளகு நம் மேற்கு மலைக்கு உரியது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. காரமாக இருக்கிறதே என்று மிளகின் பெயரையே கொடுத்து ‘மிளகுக் காய்’ ஆக்கிவிட்டார்கள் நம் ஆட்கள். பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்து வறண்ட நிலத்துச் செடியின் பால். இந்தியாவில் அதைப் பயிரிட்டுப் பார்க்கும் முயற்சியே 2020இல்தான் இமாசலப் பிரதேசத்தில் தொடங்கியது. அப்படியென்றால் சாம்பாரில் பெருங்காயம் போட்ட ஒவ்வொரு தலைமுறையும், தான் பார்த்தே இராத ஒரு மலைநாட்டோடு வியாபாரத் தொடர்பு வைத்திருந்தது.

ஆச்சி உட்கார்ந்தார், அம்மா நின்றார்

பொருளை எப்படிப் புழங்கினார்கள் என்று பார்க்கச் சொன்னேன் அல்லவா? அதற்கு அரிவாள்மனையைவிட நல்ல பாடம் இல்லை.

எங்கள் வீட்டு அரிவாள்மனை ஒரு பலாமரப் பலகை. முன்னால் வளைந்த இரும்பு அலகு, அதன் நுனியில் தேங்காய் துருவ ஒரு பல்லு. பலகையின் பின்பாதி வழவழவென்று குழிந்திருக்கிறது. அது ஆச்சியின் வலது கால் பதிந்த இடம். வெண்டைக்காய் நறுக்குவதற்கு அவர் எப்படி உட்காருவார் என்பதை அந்தக் குழியே காட்டுகிறது: வலது காலால் பலகையை அமுக்கிக்கொண்டு, இடது காலை மடக்கி, இரண்டு கையாலும் காயைப் பிடித்து அலகுக்குக் கொண்டுபோவார். கத்தியில் கத்தி நகரும், காய் அசையாது. அரிவாள்மனையில் அலகு அசையாது, காய் நகரும். ஆச்சிக்குக் கத்தி கொடுத்தால் கடைசிவரை பயந்தார். அம்மாவுக்கு அரிவாள்மனையைக் கண்டால் பயம்.

இப்போது அந்த அடுப்படியில் இருந்த மற்றச் சாமான்களை நினைத்துப் பாருங்கள். அம்மி, ஆட்டுக்கல், திருகை, மண் அடுப்பு, மணைப் பலகை. எல்லாம் முழங்காலுக்குக் கீழே. அந்தச் சமையலறை உட்கார்ந்து வேலை செய்கிற உடம்புக்காக அமைந்தது. 1980களில் எங்கள் வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்தது. கேஸ் அடுப்பை வைக்கச் சமையல் மேடை கட்டினார்கள். மேடை வந்ததும் வேலை எல்லாம் இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டது. மிக்ஸியும் கிரைண்டரும் மேடைக்கு வந்தன, அரிவாள்மனை கதவுக்குப் பின்னால் போனது. ஒரே வீட்டில் மாமியார் காலம் முழுக்கத் தரையில் உட்கார்ந்து சமைத்தார், மருமகள் காலம் முழுக்க நின்று சமைத்தார். யாரும் இதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அந்தப் பலகையில் உள்ள குழியும் மேடையின் உயரமும்தான் ஆவணம்.

ஆட்டுக்கல்லின் கதை இன்னும் பெரியது. இட்லிக்கு மாவாட்டுவது ஒருமணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். கல் மழுங்கிவிட்டால் “அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ” என்று தெருவில் கூவி வருபவரைக் கூப்பிட்டுக் கொத்தி வாங்குவார்கள். குழவி சும்மா நிற்க, கல்லைச் சுற்றவிடுகிற யோசனை 1950களில் கோயம்புத்தூரில் உருவம் எடுத்தது. அங்கே பம்பு, மோட்டார் செய்யும் பட்டறைகள் ஏற்கெனவே இருந்ததும், பக்கத்திலேயே நல்ல கல் கிடைத்ததும் அதற்குத் தோதாக இருந்தன. இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. 2011இல் தமிழ்நாடு அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது ஆட்டுக்கல் கடைசிக் குடிசையிலிருந்தும் வெளியே போனது.

அந்த அரசு கிரைண்டர் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். பித்தளை அண்டாவுக்குக் கொடுக்கும் மரியாதையை அதற்கும் கொடுக்கலாம் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன். அதன் மேல் உள்ள ‘தமிழ்நாடு அரசு’ முத்திரை, எங்கள் அண்டாவில் உள்ள ‘பாளை சு.ச. சீர்’ என்பதற்குச் சமமான எழுத்து. முன்பு தாய்மாமன் கொடுத்த இடத்தில் அரசாங்கம் நிற்கிறது. சீர் கொடுப்பது யார் என்பது ஒரு சமூகத்தைப் பற்றி நிறையச் சொல்லும்.

பழமை மட்டும்தான் வரலாறு என்ற எண்ணம் இந்தத் துறைக்குள் நுழைபவர்களிடம் அதிகம். எவர்சில்வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் உருக்கியது 1913இல். சேலம் உருக்காலை 1981இல் உற்பத்தியைத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில், குறிப்பாக 1960, 70களில், நம் வீட்டுப் பெண்கள் குடம் குடமாகப் பித்தளையைக் கடையில் போட்டு எவர்சில்வர் வாங்கினார்கள். ‘அருமையான பித்தளையை எல்லாம் போட்டுவிட்டார்களே’ என்று இன்று நாம் அங்கலாய்க்கிறோம். தேய்த்தவர்களைக் கேட்க வேண்டும். பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும், அதனால் உள்ளே ஈயம் பூச வேண்டும். ஈயம் பூசுபவர் தெருவோரத்தில் துருத்தி வைத்துப் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைப் பஞ்சால் தேய்ப்பார். அது சில மாதங்களில் போய்விடும், மறுபடி பூச வேண்டும். தினமும் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்க்க வேண்டும். எவர்சில்வர் அந்த வேலையிலிருந்து விடுதலை. எங்கள் ஆச்சி மூன்று குடத்தைப் போட்டுவிட்டு ஒரு செட் தட்டும் டம்ளரும் வாங்கியதைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தமே இல்லை.

ஈயச்சொம்பும் இப்படித்தான். ரசம் வைக்க அதைவிட உசத்தி இல்லை என்பார்கள். எங்கள் வீட்டில் ஒன்று அடி உருகி, ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டாது, சொம்பு தப்பிக்கும். வற்றிவிட்டால் போச்சு. அந்தச் சரிந்த சொம்பு, என்றைக்கோ ஒருநாள் அடுப்பில் வைத்ததை மறந்து யாரோ எழுந்து போன ஐந்து நிமிஷத்தின் சான்று. யார், ஏன் போனார்கள் என்று யாருக்கும் நினைவில்லை.

பெயர் வெட்டாத டம்ளர்

இதுவரை சொன்னதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பரணில் கிடைத்ததை மட்டும் வைத்து வரலாறு எழுதினால் அது பரண் உள்ளவர்களின் வரலாறாகத்தான் இருக்கும். பித்தளை நிற்கும், மண்பானை உடையும். வெள்ளி கைமாறும், ஓலைப்பாய் மக்கும். அடகுக்குப் போய்த் திரும்பாதது பட்டியலில் வராது. அதனால் எந்த வீட்டுச் சாமானைப் பார்த்தாலும், ‘இங்கே இல்லாதது எது, அது ஏன் இல்லை?’ என்ற கேள்வியையும் கூடவே கேட்க வேண்டும்.

எங்கள் பரணில் அண்டாவுக்குப் பின்னால் ஒரு அலுமினிய டம்ளர் கிடந்தது. வீட்டில் வேறு எந்தப் பாத்திரமும் அலுமினியம் கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு முதலெழுத்து வெட்டியிருக்கிறது, இதில் இல்லை. வாய் நசுங்கி, ஒரு ஓரத்தில் கம்பி நுழைக்க ஓட்டை போட்டிருந்தது. ஓட்டை எதற்கு என்று கேட்டபோது ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: தொழுவத்துச் சுவரில் ஆணியில் தொங்குமாம். வயல் வேலைக்கு வருகிறவர்களுக்குக் காப்பி ஊற்ற. அதற்கு முன்னால் சிரட்டையாம்.

தீண்டாமையை ஒழிக்கும் அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு நடைமுறைக்கு வந்தது 1950இல். அண்டா எங்கள் வீட்டுக்கு வந்த அடுத்த வருஷம். அந்த டம்ளர் அதற்கு அப்புறமும் பல காலம் ஆணியில் தொங்கியிருக்கிறது. டீக்கடை இரட்டைக் குவளையைப் பற்றி ஆய்வும் வழக்கும் போராட்டமும் உண்டு. வீட்டுத் தொழுவத்தில் தொங்கியதைப் பற்றி அந்தந்த வீட்டுக்காரர்கள்தான் வாய் திறக்க வேண்டும். அந்த டம்ளரை நான் அண்டாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் எங்கள் வீட்டின் கதை முழுசு.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு பொருளை எடுங்கள். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டாம். முக்கியமாக, அதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். கறை, ஒட்டு, பழைய ஈயம், கீறல் எல்லாம் தகவல். ஒவ்வொரு தேய்ப்புக்கும் எழுத்து கொஞ்சம் அழியும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும். எழுத்து மங்கலாக இருந்தால் நேராக வெளிச்சம் காட்டாமல் பக்கவாட்டில் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள், பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து நாலு பக்கமும் அடியும் படம் எடுங்கள். தையல் மெஷினோ கடிகாரமோ என்றால் எண் தகட்டைத் தேடுங்கள். சிங்கர் மெஷினின் வரிசை எண்ணை வைத்து அது எந்தத் தொழிற்சாலையில் எந்த வருஷம் செய்தது என்றே கண்டுபிடித்துவிடலாம்.

அப்புறம் பெரியவர்களிடம் போங்கள். ‘அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?’ என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: எல்லாம் நன்றாக இருந்தது. ‘எந்த வருஷம்?’ என்றால் தெரியாது என்பார்கள். ‘பெரியக்கா பிறப்பதற்கு முன்னாலா பின்னாலா?’, ‘கரண்டு வந்த பிறகா?’, ‘புயலுக்கு முன்னாலா?’ என்று கேளுங்கள், சட்டென்று வரும். அதையும்விட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பொருளை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது எங்கள் வீட்டுப் படியை வைத்துத்தான். நெல் அளக்கிற இரும்புப் படி. எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்று வாய்ப்பாட்டில் படித்திருக்கிறேன். ஊருக்கு ஊர் படி மாறும், அதனால் எத்தனையோ வம்பு. 1956இல் எடை அளவுச் சட்டம் வந்தது, 1957இல் அணா போய் நயா பைசா வந்தது, அடுத்த சில வருஷங்களில் கிலோவும் லிட்டரும் கட்டாயமாயின. இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆச்சியிடம் படியைக் கொடுத்து, ஒரு தாம்பாளத்தில் அரிசியும் கொட்டி வைத்தேன்.

அவர் படியை அரிசிக்குள் அமுக்கி எடுத்தார். மேலே குவியலாக நின்றது, கும்பாச்சியாக. அந்தக் குவியல் சரியாமல் இடது கையால் அணைத்துக்கொண்டு தாம்பாளத்தின் மறுபக்கம் கொட்டினார். “இது நாம வாங்கும்போது” என்றார். மறுபடி அமுக்கி எடுத்தார். இந்தத் தடவை வலது கை தானாகவே போய், உள்ளங்கையின் ஓரத்தால் படியின் வாயை ஒரே இழுப்பாக வழித்துவிட்டது. குவியல் முழுக்கத் தாம்பாளத்திலேயே விழுந்தது.

“இது?” என்றேன்.

“கூலிக்கு அளக்கும்போது” என்றார். கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.